காப்பு அவிழாத சித்திரை

என் மகனுக்கு,

நீ இப்போது சேலையில் கட்டிய ஏணையில் தூங்குகிறாய். நாளைக்கு நீ பிறந்து முப்பது நாள், முப்பது கும்பிடுகிறார்கள். குளிப்பாட்டி, பொட்டு வைத்து, முதன்முதலாக உன்னைக் கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போகப் போகிறோம். இதை நீ எந்தக் காலத்தில் படிப்பாயோ தெரியாது. அப்போது உனக்கு மீசை இருக்கும். உன் கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருக்கும். வயதும் இன்றைய என் வயதைவிடக் கூடுதலாக இருக்கும். எனக்குப் பதினெட்டு நடக்கிறது. உன்னைவிடச் சின்னவள் ஒருத்தி உனக்குப் புத்தி சொல்கிறாளே என்று சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள். ஆனால் கடைசிவரை படித்துவிடு. இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்கு வராது. கொழுந்து எடுக்கப் போனால் எப்போதும் ஓரத்து நிரையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறவள் நான். ஒரு பக்கமாவது ஆள் இல்லாமல் இருக்கட்டும் என்றுதான். நாலு பேர் சேர்ந்து பார்த்தால் நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும். எழுத்து மட்டும் வரும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி வேலைக்குப் பேர் பதிந்தார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் கடையில் சாமான் சுற்றித் தருகிற காகிதம்தான். அதில் எதையும் எழுத்து விடாமல் படிப்பேன்.

நேற்று உன்னைப் பார்க்க நாலைந்து பேர் வந்திருந்தார்கள். இலங்கை, இந்தியா என்று இரண்டு நாட்டுப் பெரிய மனிதர்கள் டில்லியில் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று எங்களைப் பங்கு போட்ட பிறகு, எந்த வீட்டுக் காம்பராவில் நாலு பேர் கூடினாலும் பேச்சு அங்கேதான் போய் நிற்கிறது. வந்தவர்களில் ஒரு கிழவர் உன் காலைப் பிடித்து ஆட்டி, "பேரு வைக்கிறது கெடக்கட்டும், இது எந்த நாட்டுப் புள்ளன்னு மொதல்ல கேட்டீங்களா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். உன் அப்பா சிரிக்காமல், "அவ கும்பிடுற மாரியாத்தாகிட்டக் கேளுங்க. இத்தன வருசமாப் பூசைய வாங்கிக்கிட்டு, நிக்க ஒரு நாடு குடுக்க முடியல அந்தச் சாமியால" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் வழக்கம்போல உன் துணியை மடித்துக்கொண்டு இருந்தேன். ஆனால் உள்ளே நெருப்பாக இருந்தது. இந்தப் பேச்சு உன் காதில் தினமும் விழப்போகிறது. உன் அப்பா நல்லவர், நியாயக்காரர். சங்கத்தில் அவர் பேச எழுந்தால் கங்காணிமார் வெளியே போய்விடுவார்கள். ஆனால் இந்த ஒன்றில் அவர் சொல்வதை மட்டும் கேட்டு நீ வளரக் கூடாது. அதனால் என் பக்கத்தை எழுதி வைக்கிறேன்.

நான் பிறந்த வருசம்தான் நாங்கள் இந்த நாட்டு ஆட்கள் இல்லை என்று சட்டம் போட்டார்கள். என் அம்மா வேடிக்கையாகச் சொல்வாள், நீ பிறந்து வாய் திறந்து அழுததும் கொழும்பில் பயந்துவிட்டார்கள் என்று. எனக்கு அது வேடிக்கையாக இருந்ததில்லை. என் அப்பா இந்த றொசல்ல மலையிலேயே பிறந்தவர், இங்கேயே கவ்வாத்து வெட்டியவர். அவர் வெட்டிய தேயிலைச் செடி ஒவ்வொன்றும் இந்த நாட்டுச் செடி, அவர் மட்டும் எந்த நாடும் இல்லாத ஆள். அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு உத்தியோகம் சட்டம் கேட்காமல் கிடைத்திருந்தது. எங்கள் குடியிருப்பு வரிசையான லயத்துக்கு மேலே, தகரக் கூரை போட்ட சின்ன மாரியம்மன் கோயிலுக்கு அவர்தான் பூசாரி. மந்திரம் ஒன்றும் தெரியாது. விளக்கேற்றுவார், தண்ணீர் ஊற்றி ஆத்தாளின் முகத்தைத் துடைப்பார், அன்றைக்குத் தோட்டத்தில் நடந்ததை மெதுவாகச் சொல்வார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு அரை நாள் கூலியாக அரைப் பேர் போட்டார்கள், எந்த மலையில் அட்டை கூடிவிட்டது, எல்லாம் சொல்வார். அதுதான் பூசை.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாட்டில் கலவரம் வந்தது. டவுன் பக்கம் புகை தெரிகிறது என்று யாரோ ஓடிவந்து சொன்னார்கள். லயத்தில் எல்லாக் கதவும் சாத்தியாயிற்று. பொழுது சாய்கிற நேரம் அப்பா எண்ணெய்ப் போத்தலை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார். அம்மா அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு ஒரு நாள் விளக்கு எரியாவிட்டால் என்ன என்று கேட்டாள். அப்பா வேட்டியை விடுவித்துக்கொண்டு, "அவ தனியா இருக்காடி" என்றார். அவ்வளவுதான். போய் ஏற்றிவிட்டு வந்து சாப்பிட்டார். சாமி நம்மைக் காப்பாற்றுமா என்று அன்றைக்கு எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் அப்பாவுக்கு அது கேள்வியாகவே தோன்றவில்லை. பக்தி என்று பெரிய பெரிய பேச்சை நீ பிறகு கேட்பாய். எனக்குத் தெரிந்த பக்தி அந்த எண்ணெய்ப் போத்தல்தான்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். போன வருசத்துக்கு முந்தின வருசம் எங்கள் தோட்டத்துக்குப் புது துரை வந்தார். பங்குனி முடிகிற நேரம். அடுத்த வெள்ளிக்கிழமை திருவிழாவுக்குக் காப்புக் கட்ட வேண்டும். உனக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் எழுதுகிறேன்: மஞ்சள் தடவிய நூலை முதலில் ஆத்தாளுக்குக் கட்டி, பிறகு பூசாரி தானும் கட்டிக்கொண்டு, விரதம் இருக்கிற எல்லோருக்கும் கட்டிவிடுவார். கட்டிய கை கறி தொடாது, கள் தொடாது. காப்பு அவிழ்க்கிறவரை கட்டினவர் எல்லை தாண்டக் கூடாது. எல்லை என்றால் கீழே ஆற்றுப் பாலம், மேலே ரயில் பாதை. டவுனுக்குச் சாமான் வாங்கக்கூடப் போக மாட்டார்கள். எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்து யாரும் இதை மீறினதில்லை.

புது துரை காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டில் கணக்கப்பிள்ளையை விட்டுச் சொல்ல வைத்தார். சித்திரையில் கொழுந்து கொட்டுகிறது, இந்த வருசம் திருவிழா கிடையாது, அதற்கென்று வேலைக்கு வராமல் நிற்கிறவர்களின் பேரை வெட்டிவிடுவேன் என்று. அதோடு விடவில்லை. திருவிழாவின் வேர் யார் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் அப்பாவை ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வேறொரு தோட்டத்துக்கு மாற்றியிருப்பதாகவும், வெள்ளிக்கிழமை காலை லொறி வரும், சட்டி பானையோடு ஏற வேண்டும் என்றும் சொன்னார்கள். பூசாரி இல்லாவிட்டால் திருவிழா இல்லை என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அப்பா அப்போதே மறுத்துப் பேசியிருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் நின்றால் நாற்பது வீட்டுப் பேரும் வெட்டுப்படும், நான் போய்விட்டால் ஒரு வீட்டோடு போகும் என்று அன்று சாயங்காலம் அம்மாவிடம் சொன்னார். அம்மா அழவில்லை. அவள் பாட்டுக்கு மஞ்சள் அரைத்துக்கொண்டு இருந்தாள். எதற்கு என்று அப்பா கேட்டதற்கு, அரைக்கிற மாதம் வந்துவிட்டது, அரைக்கிறேன் என்றாள். அரைத்த மஞ்சளில் நூலையும் நனைத்துக் கோயிலில் கொண்டுபோய் வைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை மழை விட்டும் விடாமலும் இருந்தது. லொறி லயத்துக்குக் கீழே நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு சிங்களவர். கணக்கப்பிள்ளை குடையோடு நின்று, சீக்கிரம் சீக்கிரம் என்று விரட்டினார். எங்கள் சாமான் ஏற்ற நேரமா ஆகும். அம்மி, இரண்டு பானை, கம்பளி, கூடை. அப்பா என்னைக் கூப்பிட்டு, மேலே போய் விளக்கை ஒரு தடவை தூண்டிவிட்டு, கதவைச் சாத்திச் சாவியை எடுத்து வா என்றார். அவரால் போக முடியவில்லை. போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

நான் போனேன். விளக்கைத் தூண்டினேன். ஆத்தா எப்போதும்போல இருந்தாள். தட்டில் மஞ்சள் நூல் நனைந்து கிடந்தது. நான் அதற்கு முன் என்ன நினைத்தேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவில்லை. கோபம் மட்டும் நினைவிருக்கிறது. துரை மேல் இல்லை. லொறி மேல்கூட இல்லை. சாவியை எடுத்து வா என்ற அந்தச் சொல் மேல். நான் ஒரு நூலை எடுத்து ஆத்தாளின் சூலத்தில் கட்டினேன். இன்னொன்றை என் வலது கையில் சுற்றி, ஒரு முனையை விரலிலும் மறுமுனையைப் பல்லிலும் பிடித்து இழுத்து முடிச்சுப் போட்டேன். ஒரு பெண்பிள்ளை காப்புக் கட்டினதை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. தனக்குத் தானே கட்டிக்கொண்டதையும் கண்டதில்லை. மஞ்சளின் கசப்பு வாயில் இருக்கவே கீழே இறங்கினேன்.

லயத்து ஆட்கள் எல்லோரும் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா சாவிக்குக் கை நீட்டினார். நான் சாவியைக் கொடுக்காமல் என் கையை நீட்டினேன். அவர் முகம் வெளுத்துப்போனது.

"என்னாடி இது? யாரு கட்டினா?"

"நான்தான்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல. கட்டியாச்சு. இனிமே பாலம் தாண்ட மாட்டேன்."

என் வாழ்நாளில் அவ்வளவு பேர் முன்னால் நான் அவ்வளவு பேசினது அதுதான் முதல் தடவை. கணக்கப்பிள்ளை குடையை மடக்கி என்னைத் தள்ளாத குறையாக வந்து, இது செல்லாது, பூசாரி கட்டாத காப்பு வெறும் நூல், ஏறு லொறியில் என்றார். அப்பாவுக்கும் சந்தேகம்தான், அவர் முறை தவறாதவர். அப்போது பக்கத்துக் காம்பரா தங்கம் அக்கா, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு, இஸ்தோப்பிலிருந்து இறங்கி வந்தாள். சண்டைக்காரி. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அவள் வாளி வைத்த இடத்தில் வேறு வாளி இருக்காது. அவள் என் கையைத் திருப்பிப் பார்த்து, "மொதல்ல ஆத்தாளுக்குக் கட்டினியா, ஒனக்குக் கட்டினியா?" என்று கேட்டாள்.

"ஆத்தாளுக்கு."

"அப்பறம் என்னா? செல்லும். ஆத்தாளே கட்டிக்கிட்டா, இவுரு யாரு செல்லாதுங்கிறதுக்கு? கணக்கப்புள்ள ஐயா, நீங்க கொழுந்து நெறுக்கிறதோட நிறுத்திக்கிங்க."

லயம் சிரித்தது. கணக்கப்பிள்ளை லொறிக்காரரைப் பார்த்து, பிள்ளையைத் தூக்கி ஏற்று என்று சிங்களத்தில் சொன்னார். அந்த மனிதர் இறங்கி வந்தார். நான் பயந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். அவருடைய கையிலும் ஒரு நூல் இருந்தது. அவர்களுடைய புத்த கோயிலான பன்சலையில் பிரித் ஓதிக் கட்டுகிற வெள்ளை நூல், பழசாகிப் பழுப்பேறி இருந்தது. தனக்குத் தெரிந்த தமிழில், "நூல் கட்டின ஆள நான் ஏத்த மாட்டேன். பத்தினி அம்மா சாமி பாவம் வரும். நீங்க வேணும்னா ஓட்டுங்க" என்று லொறிச் சாவியைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டினார். கணக்கப்பிள்ளைக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. அம்மியை நாங்களே இறக்கினோம். லொறி காலியாகப் போனது. அப்பா மேலே கோயிலுக்கு ஏறிப் போனார். போய் என் முடிச்சை அவிழ்ப்பார் என்று நினைத்து நான் பின்னால் ஓடினேன். அவர் தனக்கு ஒரு நூலைக் கட்டிக்கொண்டு, வாசலில் வந்து நின்று, வாங்க என்று லயத்தைக் கூப்பிட்டார்.

மறுநாள் பெரட்டில் துரை எங்களைப் பார்த்துத் திகைத்துப்போனார். அத்தனை கையிலும் மஞ்சள். அவருக்குக் காப்பைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை. புதிதாக ஒரு சங்கம் கிளம்பிவிட்டது, இது அதன் அடையாளம் என்று நினைத்துவிட்டார். இந்த மஞ்சள் சங்கத்துக்குத் தலைவர் யார், நூல் கட்டியிருக்கிற ஒவ்வொருவர் பேரையும் எழுது என்று கணக்கப்பிள்ளைக்கு உத்தரவு. கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டே போனார். வெயில் அடித்தும் கோட்டுக் கையை விரல் மூடும்வரை இழுத்து விட்டிருந்தார். தங்கம் அக்கா, "ஐயா, ஒங்க பேரையும் எழுதிருங்க, விட்டுப்போகப் போவுது" என்று மெதுவாகச் சொன்னாள். எங்களுக்கு அப்போதுதான் புரிந்தது. முதல் நாள் லொறி போன பிறகு அவரும் பின்வழியாக வந்து அப்பாவிடம் கையை நீட்டியிருக்கிறார். அவரைக் கோழை என்று உன் அப்பா இன்றைக்கும் சொல்லுவார். நான் சொல்ல மாட்டேன். ஒளித்துக் கட்டினாலும் அவர் கட்டினார். பயந்தவனும் கும்பிடலாம். பயத்தோடு கும்பிட்டது செல்லாது என்று யாரும் சொல்லவில்லை.

காப்புக் கட்டினவர்களுக்கு வேலை இல்லை என்று துரை நிறுத்தினார். கொழுந்து நிற்குமா? மலை முழுவதும் முற்றத் தொடங்கியதும் மற்றவர்களை எல்லாம் வேலைக்கு எடுத்துக்கொண்டு, என் அப்பா பேரை மட்டும் வெட்டியதை வெட்டியபடியே விட்டார். எங்கள் வீட்டுக்குத் தோட்டம் தருகிற அரிசியும் நிறுத்தப்பட்டது. காம்பராவையும் காலி பண்ணு என்று ஆள்மேல் ஆள் வந்தது. அந்த மாதம் நாங்கள் சாப்பிட்டதெல்லாம் லயத்தார் போட்டதுதான். ரொட்டி தட்டுகிறபோது ஒவ்வொருத்தியும் எங்களுக்கு என்று ஓர் உருண்டையை ஒதுக்கி வைப்பாள். எடுக்கப் போக எனக்குக் கூச்சமாக இருக்கும் என்று தெரிந்து எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். திருவிழா மழையில் நடந்தது. வெளித் தோட்டத்து ஆள் வரவில்லை, கடை வரவில்லை, ரயில் பாதைக்கு மேலிருந்து வருகிற மேளக்காரர்களையும் உள்ளே விடவில்லை. பெண்கள் கைதட்டி, சட்டியைத் தட்டிக் கரகம் எடுத்தோம். அப்படி ஒரு திருவிழாவை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. வேறு எதுவும் இல்லாததால் ஆத்தா மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தாள்.

மஞ்சள் நீராடி முடிந்ததும் காப்பை அவிழ்க்க வேண்டும். அப்பா தட்டோடு உட்கார்ந்தார். முதலில் என் முறை. நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன். காப்பு அவிழ்ந்த அந்த நேரமே நாங்கள் பாலம் தாண்டக் கூடியவர்கள் ஆகிவிடுவோம். அதற்காகத்தான் கணக்கப்பிள்ளை காத்திருந்தார். லயத்துக்கும் அது தெரியும். பூசாரி பேரைத் திரும்பப் போடுகிறவரை நாங்களும் அவிழ்க்க மாட்டோம் என்று ஒவ்வொருத்தராகச் சொன்னார்கள். அப்பாவுக்குக் கோபம் வந்தது. அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஆத்தாள வச்சு வம்பு பண்ணச் சொல்றீங்களா? விரதத்துக்குக் கட்டினத வேலை நிறுத்தத்துக்குக் கட்ட முடியாது."

அவர் சொன்னது சரிதான், மகனே. அதை நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். உன் அப்பா அப்போது அடுத்த லயத்து ஆள், எனக்கு உறவுக்காரர் என்பதைத் தவிர வேறு பழக்கம் இல்லை. அவர் ஒரு ஓரமாக நின்று, "மாமா, சங்கத்துக்கு ஆத்தா இன்னும் சந்தா கட்டல, அதையும் வாங்கிருவோம்" என்று கேலி பண்ணினார். அவர் மட்டும் காப்புக் கட்டவே இல்லை. நான் அப்பாவிடம் சொன்னேன், சத்தம் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியாது: "நம்மள அனுப்பிட்டா வெளக்கு யாருப்பா ஏத்துவா? அவ தனியாத்தான இருப்பா." அப்பா தட்டை எடுத்து ஓரமாக வைத்தார்.

அப்படியே சித்திரை போனது, வைகாசி பிறந்தது. கறி இல்லை, கள் இல்லை, டவுன் இல்லை. கள்ளுத் தவறணைக்காரர் ஆள் விட்டு, உங்க சாமிக்கு இன்னும் எத்தனை நாள் கோபம் என்று கேட்டாராம். ஆண்கள் முனகினார்கள், ஆனால் அவிழ்க்கவில்லை. கையில் நூல் நைந்து, மஞ்சள் போய், தேயிலைச் சாயத்தண்ணி நிறமாயிற்று. துரை சொல்லி அனுப்பினார்: முதலில் நூலை அவிழுங்கள், பிறகு பூசாரியைப் பற்றி யோசிக்கிறேன் என்று. யோசிக்கிறேன் என்ற சொல்லை எங்கள் ஆட்கள் நிறையக் கேட்டிருக்கிறார்கள்.

பிறகுதான் பெரிய சோதனை வந்தது. தங்கம் அக்காவுக்கு வலி எடுத்தது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் இரண்டு உயிரும் போய்விடும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். ஆஸ்பத்திரி பாலத்துக்கு அந்தப் பக்கம். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, நான் தாண்ட மாட்டேன், இங்கேயே சாகிறேன் என்றாள். அவள் புருசன் அப்பா காலில் விழுந்தான். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்து, முடிச்சைத் தன் விரலால் அவிழ்த்தார். "ஆத்தாளும் பெத்தவதான். போய்ட்டு வா" என்றார். நாலு பேர் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இதை நீ மறக்காதே. சாமிக்காக உறுதியாக நில். ஆனால் உன் உறுதிக்கு இன்னொருத்தர் உயிரை விலையாகக் கேட்காதே. என் அப்பா முறை தவறாதவர் என்று சொன்னேன். முறை எங்கே முடிகிறது என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆனால் ஒன்று அவிழ்ந்துவிட்டது. மறுநாள் பெரட்டில் கங்காணிமார் சிரித்தார்கள். ஒரு கை அவிழ்ந்தால் மற்றக் கையெல்லாம் தானாக அவிழும் என்று துரைக்குச் சேதி போனது. எங்கள் லயத்திலும் சிலர் முகம் தொங்கிவிட்டது. இனி எதற்கு என்ற பேச்சு வந்தது. அப்பாவும் சட்டி பானையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் தோற்றுவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

தங்கம் அக்கா பிள்ளையோடு திரும்பி வந்தாள். வந்தவள் காம்பராவுக்குப் போகவில்லை. பச்சை உடம்போடு, கையில் பிள்ளையோடு, நேராகக் கோயில் படிக்குக் கீழே வந்து நின்றுகொண்டாள். பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு. முப்பது கழியாமல் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டார்கள். அவள் படியில் கால் வைக்கவில்லை. கீழே நின்றபடி வெறும் கையை மேலே நீட்டினாள். "மாமா, கட்டுங்க" என்றாள். சாயங்கால விளக்குக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். தீட்டுக்காரியைத் தொட்டால் பூசாரி பிறகு ஆத்தாளைத் தொட முடியாது. அப்பா ஆத்தாளைத் திரும்பிப் பார்த்தார். புது நூலை மஞ்சளில் நனைத்து எடுத்துக்கொண்டு, படி இறங்கிப் போய், அவள் கையில் கட்டினார். பிறகு குளிக்கவும் இல்லை. அப்படியே ஏறி வந்து விளக்கை ஏற்றினார். அன்றைக்குப் பழைய நூல் நைந்துபோன ஒவ்வொருத்தரும் கையை நீட்டிப் புது நூல் கட்டிக்கொண்டோம். கங்காணிமார் வீட்டுப் பெண்களும் வந்தார்கள். உன் அப்பா கட்டவில்லை. ஆனால் விளக்குக்கு எண்ணெய் தீர்ந்துவிட்டது என்றபோது, தன் வீட்டுப் போத்தலைக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டுப் போனார். அவரிடம் கேட்டால், இருட்டில் வழுக்கி விழுவார்கள் என்று கொண்டு வந்தேன் என்பார்.

கும்பிடுகிறவன் அடங்கினவன், அதனால்தான் நம் ஆட்கள் மிதிபடுகிறார்கள் என்று உனக்குச் சொல்வார்கள். நான் கண்ணால் கண்டதை எழுதுகிறேன். கும்பிடுகிறவன் ஓர் இடத்தில்தான் குனிகிறான். அங்கே குனிந்து பழகினவனுக்கு மற்ற இடத்தில் குனிய முதுகு வளையாது. சாமி எங்களுக்கு நாடு கொடுக்கவில்லை, சரி. நாட்டை எடுத்தது சாமி இல்லை. எடுத்தவர்களுக்கு இந்தத் தோட்டத்தில் எடுக்க முடியாத ஒன்று இருந்தது. அதைத்தான் நாங்கள் கையில் கட்டிக்கொண்டு தினமும் அவர்கள் முன்னால் போய் நின்றோம். இந்தியாவா இலங்கையா என்று நாளைக்கு ஒரு ஐயா மேசை போட்டுக் கேட்பார். நீ எங்கே இருக்க வேண்டி வந்தாலும், அவரிடம் உன் ஊரைச் சொல், உன் அப்பா பேரைச் சொல். ஆத்தாளை மட்டும் விட்டுக்கொடுத்துவிடாதே, அவளை அவர்கள் பங்கு போடவில்லை.

துரை ஏன் இறங்கி வந்தார் என்று எனக்குத் தெரியாது. கொழுந்து முற்றினதால் என்று உன் அப்பா சொல்கிறார். மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது என்றும் சொல்கிறார்கள். இருக்கட்டும். தங்கம் அக்கா வந்த அந்த வாரத்திலேயே ஒரு காலை, பெரட்டுக்களத்தில் பனி விலகாத நேரம், கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டுக்கொண்டே போனார். அப்பா தினமும் பெரட்டுக்குப் போவார். பேர் இல்லாவிட்டாலும் போய், எல்லோரும் மலைக்குப் போகிறவரை நின்றுவிட்டு வருவார். அன்றைக்குப் பட்டியல் முடிந்துவிட்டது என்று நாங்கள் கூடையை மாட்டினோம். கணக்கப்பிள்ளை துரையை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். துரை தலையை ஆட்டினார். "முத்துவேலு" என்று கணக்கப்பிள்ளை என் அப்பா பேரைக் கூப்பிட்டார்.

அப்பா தலைத் துண்டை அவிழ்த்தார். துரைக்கு முன்னால் அவர் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை, அன்றைக்கு நின்றார்.

"இருக்கேனுங்க" என்றார். பிறகு, இன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்கிற குரலில், "இன்னைக்கு மட்டும் லீவு வேணுங்க, துரை. காப்பு அவுக்கணும்" என்றார்.

துரை பதில் சொல்வதற்குள் அப்பா கோயில் பாதையில் ஏறத் தொடங்கிவிட்டார். நாங்கள் கூடைகளை அங்கேயே இறக்கி வைத்துவிட்டு அவர் பின்னால் ஏறினோம்.

உன்னைப் பெற்றவள்.